மனுச சத்தம்

அவரை நினைத்தால் முகம் கடைசியாகத்தான் வரும். முதலில் வருவது ஒரு விரல். வலது கை ஆட்காட்டி விரல், நகம் பாதி இல்லாதது. மதிலுக்கு அந்தப் பக்கம், முருங்கை மரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். நம் நிழல் அவர் பக்கம் விழுந்தால் போதும், திரும்பாமலே அந்த விரல் மேலே போகும். உதட்டில் விரலை வைத்து உஷ் என்பதெல்லாம் கிடையாது. அதுவும் ஒரு சத்தம்தானே. எங்கள் தெருவில் அவருக்கு உஷ் சார் என்று பேர் வைத்திருந்தார்கள். ஒரு தடவைகூட அவர் வாயால் உஷ் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

கள்ளக்குறிச்சியிலிருந்து சங்கராபுரம் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, பிளாட் போட்டு விற்ற நகர் எங்களுடையது. அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வீடு. மிச்ச மனையெல்லாம் வேலிக்காத்தானும் புல்லும். கடைசி வீடு அவருடையது. அதை ஒட்டி நான் குடியிருந்த வீடு. அவர் வீட்டுக்குப் பின்னால் கொய்யா, சீத்தாப்பழம், செம்பருத்தி, ஒரு துவைக்கிற கல். கல்லுக்கு அப்பால் கம்பி வேலி, வேலிக்கு அப்பால் காலி மனை. அந்தக் கொஞ்ச இடத்துக்குத்தான் அத்தனை குருவிகளும் வந்துகொண்டிருந்தன. அவர் செல்போனைத் தலைகீழாக ஒரு கொட்டாங்கச்சிக்குள் வைத்து, காற்று இரையாமலிருக்கப் பழைய புடவைத் துணியைச் சுற்றி, முருங்கைக் கிளையில் கட்டித் தொங்கவிட்டு, அவற்றின் சத்தத்தைப் பிடிப்பார். மழை நாள் தவிர எல்லா நாளும். நான் அங்கே குடிவருவதற்கு முன்னாலிருந்தே.

எனக்கும் அவருக்கும் பழக்கம் வம்பில்தான் ஆரம்பித்தது. நான் குட்டியானை ஓட்டுகிறவன். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு, புளி, கடுக்காய் என்று எது கிடைத்தாலும் இறக்குவேன். விடியும்போதே வண்டியை எடுத்தாக வேண்டும். குடிவந்த மறுநாள் காலை சாவியைத் திருப்பினேன், கேட்டில் வந்து நின்றார்.

"தம்பி, ஒரு அரமணி கழிச்சு எடுக்கக் கூடாதா?"

"லோடு நிக்குது சார்."

"குருவி பேசிக்கினு இருக்குது. உன் வண்டி அது வாயில மண்ண அள்ளிப் போடுது."

நான் எட்டாவதோடு நின்றவன். அதனாலோ என்னவோ, யார் எது சொன்னாலும் தப்பு நம் பேரில்தான் இருக்கும் என்று முதலில் தோன்றிவிடும். பிரேக் பிடிக்குமா, குழந்தைக்குக் காய்ச்சல் திரும்புமா, வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வாரா என்று எனக்கு எந்நேரமும் ஏதாவது ஒன்று உள்ளே ஓடிக்கொண்டேயிருக்கும். இவர் கோபம் வேறு அதில் எதற்கு? எங்கள் தெரு மெயின் ரோட்டைப் பார்த்துச் சரிவு. மறுநாளிலிருந்து நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை எடுத்து, வண்டியைச் சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு போய்த் தெருமுனையில் ஸ்டார்ட் செய்தேன். என் வீட்டுக்காரி வாசலில் நின்று சிரித்தாள்.

"என்னெ கல்யாணம் பண்ணி இட்டாந்தப்போகூட இவ்ளோ பதமா நீ வரல."

அவர் கரும்பு ஆலையில் அரவைப் பக்கம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அந்த இரைச்சலில் இடது காது முழுசாகப் போய்விட்டது, வலது காது பாதி. லாரி ஹாரன் கேட்கும், பாத்திரம் விழுந்தால் கேட்கும். மெல்லிசான சத்தம் எதுவும் ஏறாது. ஒரு நாள் போனில் பிடித்ததை ஹெட்போன் போட்டு, முழு வால்யூமில் வைத்துக் கேட்டபோதுதான், தன் தோட்டத்தில் இத்தனை குருவி இருப்பதே தெரிந்தது என்றார். "கண்ணால பாத்துக்கினுதான் இருந்தேன் தம்பி. வாய் அசையும். ஊமைப் படம்."

அவ்வளவு வால்யூம் வைத்துக் கேட்கிறவர் காதில், நடுவே ஒரு டம்ளர் விழுந்த சத்தம் எப்படி இறங்கும்? செவிட்டில் அறைந்தது மாதிரி இருக்கும் என்பார். ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வார். "கெட்டுப்போச்சு." அப்புறம் அதை அழித்துவிடுவார். மனுச சத்தம் ஒரு துளி விழுந்த எதையும் வைத்துக்கொள்ள மாட்டார். தேறியது மட்டும் போனில் இருக்கும் சின்ன கார்டில் சேரும்.

என்னையும் ஒரு தடவை உட்கார வைத்து ஹெட்போனை மாட்டிவிட்டார். தேன்சிட்டு. கட்டைவிரல் தண்டியில் இருக்கிற ஒரு ஜந்து, என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு பாடியது. அது முடிகிற வரைக்கும் எனக்குப் பிரேக் ஞாபகம் வரவில்லை, வாடகை ஞாபகம் வரவில்லை. கழற்றிக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆங், அதான்" என்றார். அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். இதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது பாட்டுப் போடப் புனல் குழாய் கட்டுவார்கள். காலையில் ஒரு மணி நேரம் நிறுத்தக்கூடாதா என்று விழாக்காரர்களிடம் போய்க் கேட்டார். "யோவ், ஆத்தாளையே வாயப் பொத்தச் சொல்றியா?" என்று கேட்டு, குழாயை அவர் தோட்டத்துப் பக்கமாகவே திருப்பி வைத்துவிட்டார்கள். திருக்கோவிலூரில் கட்டிக்கொடுத்த மகள், கைக்குழந்தையோடு வந்திருந்தாள். விடிகாலையில் குழந்தை அழுதது. விரல் மேலே போனது. அன்று மத்தியானமே பஸ் ஏறிவிட்டாள். அதற்கப்புறம் பொங்கலுக்குத் தலையைக் காட்டுவதோடு சரி.

ஆனால் அந்த விரலுக்குக் கீழே வாழ்ந்தது அக்காதான். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சார் தோட்டத்தில் நிற்கிற வரைக்கும் அக்கா குக்கர் வைக்க மாட்டார். மிக்சி கிடையாது. கதவுக் கீலுக்கெல்லாம் விளக்கெண்ணெய் விட்டிருந்தார். சிமெண்டுத் தரையில் மெட்டி இடிக்கிறது என்று ஒரு தடவை சார் சொல்லிவிட்டார். புருசன் இருக்கிறவள் மெட்டியை எப்படிக் கழற்றுவாள்? மஞ்சள் நூலை எடுத்து மெட்டியைச் சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டார். என் வீட்டுக்காரி கேட்டாள், "இன்னாக்கா, கால்ல அடிபட்டுச்சா?" அக்கா சிரித்தார். "மெட்டிக்கு வாய்ப்பூட்டு."

அக்கா முதலிலேயே அப்படி இருந்தவர் இல்லை என்று தெருவில் சொல்வார்கள். அவர் வாயை அடைத்தது ஒரு கவுதாரி.

சார் முதன்முதலாகப் பிடித்த சத்தமே காலி மனைக் கவுதாரிதான். மழை விட்ட காலையில் வேலியோரம் வந்து, யாரோடோ தர்க்கம் செய்வதுபோல மூன்று மூன்றாக அடித்துக் கத்தியதாம். நன்றாகப் பிடிபட்டது. நடுவில் அக்கா அடுக்களை வாசலிலிருந்து, செவிட்டு மனுசனுக்குக் கேட்க வேண்டுமே என்று தொண்டையைத் திறந்து கூப்பிட்டிருக்கிறார்: "இன்னாங்க, டீ ஆறிப்போவுது. குடிச்சிட்டுப் போயி நில்லுங்க." அதைத் தொடர்ந்து மறுபடி கவுதாரி. அப்போது சாருக்கு வெட்டவும் தெரியாது, அழிக்கவும் தெரியாது. பெருமையில் கொண்டுபோய், பஸ் ஸ்டாண்டு பக்கம் கார்டில் பாட்டு ஏற்றித் தரும் கடைக்காரனிடம் கொடுத்திருக்கிறார். அவன் அதை அப்படியே ரிங்டோனாக்கி, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் ஏற்றிவிட்டான். ரேஷன் கடை வரிசையில் அக்கா நிற்கும்போது எவனுடைய போனோ அடித்தது. கவுதாரி கத்தி, டீ ஆறிப்போவுது என்றது. வரிசை முழுக்கச் சிரிப்பு. அப்புறம் கொஞ்ச நாள் அக்கா தெருவில் போனால் பையன்கள் பின்னாலிருந்து "டீ ஆறிப்போவுது" என்று கத்துவார்களாம்.

சார் தன் போனில் இருந்ததை அழித்துவிட்டார். அதுதான் அவர் அழித்த முதல் சத்தம். அக்கா அன்றைக்கு அடுக்களை வாசலோடு நின்றவர், அதற்கப்புறம் தோட்டத்தில் வாய் திறக்கவில்லை. டீ கொண்டுவருவார், துவைக்கிற கல் மேல் வைப்பார், போய்விடுவார். பெரும்பாலும் ஆறிப்போய்த்தான் அதை அவர் குடிப்பார்.

காலி மனைகளில் ஒவ்வொன்றாக வீடு எழும்ப, கவுதாரி வருவது நின்றுவிட்டது. ஒரு வருசத்துக்கும் மேல் சத்தமே இல்லை. அதன் கூப்பாட்டை மட்டும் சுத்தமாகப் பிடிக்காமலே விட்டுவிட்டோமே என்று அவருக்கு ஒரு குறை. பங்குனி மாதம் ஒரு காலை அது வந்தது. நான் அன்று மலையில் இருந்தேன். என்ன நடந்தது என்று அவர்தான் பிறகு சொன்னார், யாரிடமோ விலாசம் சொல்வது மாதிரியான குரலில்.

"வேலி ஓரமா நின்னு கத்துது. போன் ஓடிக்கினு இருக்குது. இவ பின்னால வந்து நின்னா. நெழலு என் கால்கிட்ட விழுந்துது. நான் வெரலத் தூக்குனேன். நெழலு நின்னுது. அப்பறம் கீழ உக்காந்துது. சரி, முடியட்டும்னு கல்லு மேல குந்தினு இருக்கா போல, நெனச்சிக்கினேன்."

கவுதாரி பறந்து போன பிறகுதான் திரும்பியிருக்கிறார். அக்கா துவைக்கிற கல்லில் சாய்ந்து, ஒரு கையால் மார்பையும் ஒரு கையால் வாயையும் பொத்திக்கொண்டு இருந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பாடியாகத்தான் திரும்ப வந்தது. கால்விரலில் மெட்டியைக் கழற்றும்போது நூல் சிக்கிக்கொண்டு வரவில்லை. மகள் பல்லால் கடித்து அறுத்தாள்.

காரியம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஹெட்போனை மாட்டினார். கவுதாரி. அப்படி ஒரு தெளிவு. இலை அசைகிறது, கவுதாரி கத்துகிறது, மூச்சு வாங்கி மறுபடி கத்துகிறது. வேறொன்றும் இல்லை. அந்த நேரம் முழுக்க அக்கா அவருக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறார். ஒரு முனகல்கூட இல்லை.

"பாத்தியா, மனுச சத்தமே இல்ல" என்றார். பாராட்டுகிறாரா, என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. ஹெட்போனைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன்.

அப்புறம் தேட ஆரம்பித்தார். கார்டில் இருக்கிற அத்தனை வருசத்தையும் முதலிலிருந்து கேட்டார். தவிட்டுக்குருவி, செம்போத்து, மாங்குயில், கரிச்சான், காடை, எல்லாம் இருந்தது. அக்கா இல்லை. மகள் கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தார். ஸ்டுடியோக்காரன் முழுக்க நாதஸ்வரத்தையும் பாட்டையும் ஏற்றி வைத்திருந்தான். அக்கா யாரையோ வாங்க என்று கைகூப்பிக் கூப்பிடுகிறார், வாய் மட்டும் அசைகிறது. மதில் ஓரம் வந்து என்னைக் கேட்டார், "உன் போன்ல அக்கா பேசுனது ஏதாச்சும் கெடக்குதா தம்பி?" இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். பாட்டு ஏற்றும் கடை இருந்த இடத்தில் ஜூஸ் கடை. அந்த ரிங்டோன் வைத்திருந்தவர்களெல்லாம் எத்தனையோ போன் மாற்றியாகிவிட்டது.

"அவ கொரலு எப்டி இருக்கும்னே எனக்கு வரமாட்டேங்குது. நீங்கள்லாம் கேட்டிருக்கீங்க. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்" என்றார்.

அவர் அந்த வீட்டில் தனியாக இருப்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. கிணறு இருக்கிறது, கயிறு இருக்கிறது, மனசு எதையாவது நினைத்துக்கொள்ளும். அதனால் லோடு எடுக்கப் போகும்போது அவரையும் வண்டியில் ஏற்றிக்கொள்வேன். ஜன்னலுக்கு வெளியே போனைப் பிடித்துக்கொண்டு வருவார்.

ஒரு நாள் கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறுவதற்கு முன்னால் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. சாயங்காலம். மேடான இடமாகப் பார்த்து ஓரம் கட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்ற இறங்கினேன். இரண்டு பக்கமும் புதர். உள்ளே கவுதாரி கத்திக்கொண்டிருந்தது. நான் கையைக் காட்டியதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு போனை நீட்டினார். கொஞ்ச நேரம் கேட்டார். திடீரென்று ஹெட்போனைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"உனுக்கு கேட்டுச்சா?"

எனக்கும் கேட்டிருந்தது. பேய் பிசாசு என்றால் பயப்படுகிறவன்தான் நான், ஆனால் அது அந்த மாதிரிப் பயம் இல்லை. புதருக்குள்ளிருந்து கவுதாரி மறுபடி மூன்று மூன்றாகக் கத்தியது. அதை நிறுத்திவிட்டு, "இன்னாங்க, டீ ஆறிப்போவுது. குடிச்சிட்டுப் போயி நில்லுங்க" என்றது.

அவர் முள்ளைப் பார்க்காமல் உள்ளே போனார். நான் பின்னாலேயே ஓடினேன். ஒரு சங்கஞ்செடித் தூரில், தழையைப் போட்டு மூடிய சின்ன ஸ்பீக்கர். அதைச் சுற்றித் தரையில் வரிசையாகக் கண்ணி. இரண்டு கவுதாரிகள் கால் மாட்டி இறக்கையடித்துக்கொண்டு கிடந்தன. வேப்ப மரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டிருந்த ஆள் எழுந்து வந்தான். என் வயதுதான் இருக்கும். எங்களை பாரஸ்ட்காரர்கள் என்று நினைத்து முதலில் வெளிறினான். கிட்டத்தில் பார்த்ததும் தெளிந்துவிட்டான்.

"மெதிக்காதீங்க சார். இன்னும் ஒண்ணு வந்துக்கினு இருக்குது."

சார் ஸ்பீக்கரைக் கையில் எடுத்துக் காதோடு வைத்துக்கொண்டார். அது கத்தியது. அப்புறம் பேசியது. அவர் கண் மூடியிருந்தது. கண்ணியில் ஒரு கவுதாரி அவர் செருப்பின் மேலேயே அடித்துக்கொண்டிருந்தது, காலை நகர்த்தவில்லை. குனிந்து அதை அவிழ்த்துவிட என் கை போனது. "ஏய், கைய எடு" என்றான் அந்த ஆள். எடுத்துவிட்டேன்.

"இது எங்க கெடைச்சுது உனுக்கு?" என்றார் சார்.

"எங்க மச்சான் கார்டு. பழசு. கவுதாரி கத்து இத்த மாதிரி எதுலயும் இல்ல சார். ஆனா இந்தம்மா நடுவுல பூந்து கெடுக்குது. கிட்ட வர்ற வரைக்கும் வருது, டீ ஆறிப்போவுதுன்னா நின்னுடுது." சிரித்தான். "யாரு ஊட்டு பொம்பளையோ. எத்தினி கவுதாரிக்கு உசுரு குடுத்திருக்கும்."

"இந்த கார்ட எனக்குக் குடு."

"இன்னா சார், எம் பொழப்பு."

"அவ இங்க இருக்கக் கூடாதுப்பா."

அந்த ஆளுக்குப் புரியவில்லை. ஸ்பீக்கருக்குக் கையை நீட்டினான். சார் கொடுக்கவில்லை. ஆளுக்கொரு பக்கமாக இருவரும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க, நடுவில் அக்கா டீ குடிக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பாரஸ்ட் ஜீப் வந்தால் எங்களையும் சேர்த்துத்தானே அள்ளுவான் என்று நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சார்தான் முதலில் கையை விட்டார். தன் போனின் பின்மூடியை நகத்தால் நெம்பித் திறந்தார். கார்டை வெளியே எடுத்தார்.

"இத்தப் போடு."

"இதுல இன்னா?"

"கவுதாரி. மொதல்லயே இருக்குது."

அவன் தன் கார்டை எடுத்துவிட்டு அதை ஸ்பீக்கரில் செருகினான். பங்குனி மாதத்துக் காலை புதருக்குள் கேட்டது. இலை அசைந்தது, கவுதாரி கத்தியது, மூச்சு வாங்கி மறுபடி கத்தியது. அவன் பீடியைக் கீழே போட்டான்.

"காடை இருக்குதா இதுல?"

"இருக்குது. எல்லாம் இருக்குது."

"நடுவுல யாரும் பேச மாட்டாங்களே?"

"மாட்டாங்க" என்றார். "மனுச சத்தமே இருக்காது."

பழைய கார்டை அவன் அவர் உள்ளங்கையில் வைத்தான். சார் அதைச் சட்டைப் பையில் போடாமல் அங்கேயே தன் போனில் செருகி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு வண்டிக்கு வந்து உட்கார்ந்தார். "சார்" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பவில்லை. உதடு லேசாக அசைந்துகொண்டிருந்தது. அக்கா சொல்வதை அவரும் கூடச் சேர்ந்து சொல்கிறார் என்று தெரிந்தது.

அவர் பக்கத்தில் இருந்தால் என் கை தானாக நியூட்ரலுக்குத்தான் போகும். ஹேண்ட்பிரேக்கை எடுத்தேன். வண்டி சரிவில் சத்தமில்லாமல் பின்பக்கமாக உருண்டது. லோடு ஏற்றப் போக வேண்டியது மேலே, வண்டி போனது கீழே. அப்போது விட்டுவந்த புதரில் அந்தச் சுத்தமான கவுதாரி கத்தியது. கொஞ்சம் தள்ளி, மலைப்பக்கமிருந்து, உயிரோடு இருக்கிற ஒன்று அதற்குப் பதில் சொன்னது. மறுபடி இது கூப்பிட்டது. அது இன்னும் கிட்டத்தில் வந்து பதில் சொன்னது.

நான் சாவியைத் திருப்பி, ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்து, வண்டிச் சத்தத்தால் அந்தக் கூப்பாட்டை மூடினேன். அவர் விரல் எழவில்லை.